கண் முன்னால் வெட்டிய கறி

"கண்ணு முன்னாடி வெட்டிக் குடுங்க." ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்நாட்டின் எந்தக் கோழிக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஏற்கெனவே உரித்துத் தொங்கவிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டினால் முகம் சுளிக்கிறோம். கூண்டுக்குள் கை விட்டு, சிறகடிக்கிற ஒன்றை இழுத்து, தராசில் போட்டு உயிர் எடை சொல்லி, பிறகு அறுத்தால்தான் மனசு ஆறுகிறது. செத்த கோழி இல்லை, நேற்றைய கறி இல்லை என்பதற்கு நாமே சாட்சி.

இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. குளிர்பெட்டி இல்லாத ஊரில், செத்ததை விற்கும் ஆளும் இருக்கிற ஊரில், இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அது கோழி ஒன்றொன்றாக அறுபட்ட காலத்தில் உருவான புத்தி. அன்றைய கோழி வேறு. அது நம் வீட்டுச் சட்டிக்கு வந்த வழியும் வேறு.

1970கள் வரை பெரும்பாலான கிராமத்து வீடுகளில் கோழி கடையில் வாங்கும் பண்டமாக இருக்கவில்லை. வீட்டுக்குப் பத்துக் கோழி இருக்கும். பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறும், பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். மாப்பிள்ளை வந்தால், குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தால், பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க வேண்டுமென்றால் ஒன்று அறுபடும். அவசரச் செலவு வந்தால் வாரச்சந்தைக்குப் போகும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் வழியில் அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் சந்தையில் இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்: காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்த சேவல்களும், கூடைகளும், விடிவதற்குள் முடிந்துவிடும் பேரமும்.

சந்தையில் கோழியைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. கொண்டை சிவந்திருக்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, மூக்கில் சளி உண்டா என்று பார்ப்பார்கள். வாலைத் தூக்கி, பின்புறத்து இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டியிருந்தால் கழிச்சல், கை வைக்க மாட்டார்கள். நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலால் தடவிச் சதையைக் கணக்கிடுவார்கள். படித்த மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

வீட்டுக்கு வந்த கோழியைக் கொல்லைப்புறத்தில் அறுத்து, இறகைப் பறித்து, வைக்கோலையோ ஓலையையோ கொளுத்தித் தோலை வாட்டுவார்கள். பிறகு மஞ்சளைப் பூசித் தேய்த்துக் கழுவுவார்கள். சுவைக்காகச் செய்ததுதான்; என்றாலும் தோலின் மேலிருந்த கிருமியில் ஒரு பங்கை நெருப்பு தின்றது. அறுத்த ஒரு மணி நேரத்தில் கறி அடுப்பில் இருந்தது. இதில் முக்கியமானது கணக்கு: ஒரு கோழி, ஒரு கத்தி, ஒரு சட்டி, ஒரு குடும்பம். குடலில் எது இருந்தாலும் அது அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அந்தக் காலத்துக் கோழி சுத்தமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்கள் நாட்டுக்கோழியின் குடலிலும் உண்டு: சால்மொனெல்லா உண்டு, கேம்பைலோபாக்டர் உண்டு. குப்பைமேட்டில் மேய்வதால் அவை வராமல் போய்விடாது. கோழி எச்சம் கிடக்கும் வாசலில்தான் குழந்தைகள் தவழ்ந்தன. ராணிக்கெட் கழிச்சல் ஊருக்குள் வந்துவிட்டால், முதல் கோழி துவண்டதுமே மிச்சத்தை அறுத்துத் தின்றார்கள், அல்லது அடுத்த ஊர்ச் சந்தைக்கு ஏற்றிவிட்டார்கள். கேம்பைலோபாக்டர் மனிதருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டாக்குகிறது என்பதே 1977இல், இங்கிலாந்தின் வொர்ஸ்டர் நகரில் மார்ட்டின் ஸ்கிரோ எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகில் பரவலாகத் தெரியவந்தது. அதற்கு முன் அது வெறும் வயிற்றுக்கோளாறு. கிருமி அன்றும் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் பரவ அதற்கு ஒரு பொதுப்பாதை கிடைத்திருக்கவில்லை.

அந்தப் பாதையைக் கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் நாடு முழுக்கத் தளம் அமைத்தது. நாமக்கல் முட்டைக்கு என்று ஆனது, பல்லடம் கறிக்கு என்று ஆனது. உடுமலைப்பேட்டையில் 1980களில் சிறிய பண்ணையாகத் தொடங்கிய சுகுணா, 1990களில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை; கொட்டகையும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையவை; கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மழை பொய்த்த கொங்குக் காட்டில் இந்தக் கூலி பல குடும்பங்களைக் காப்பாற்றியது. கொள்முதல் விலை பல்லடத்தில் நாள்தோறும் நிர்ணயமாகி மாநிலமெங்கும் கடைப்பலகையில் ஏறுகிறது. திருவிழாவுக்குத் திருவிழா தின்ற கோழி வாராவாரம் தின்னும் கறியானது. தெருவுக்கு ஒரு சிக்கன் சென்டர் முளைத்தது.

பிராய்லர் கோழி ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை கூடுகிறது. ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஓயாமல் வருகிறதே, அது பொய். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனமும் அளந்து கலந்த தீவனமும்தான் காரணம். நாம் கவலைப்பட வேண்டியது கொட்டகையின் கூட்டத்தைப் பற்றி. தேங்காய் நார்க்கழிவு பரப்பிய தரையில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றின் எச்சத்தின்மேல் இன்னொன்று நடக்கின்றன. தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சைக் கேம்பைலோபாக்டரிடமிருந்து ஓரளவு காக்கும். அதற்குப் பின் ஒன்றுக்கு வந்தால் சில நாளில் கொட்டகை முழுவதற்கும் வந்துவிடும். கோழியின் உடல் சூடு 41, 42 டிகிரி; இந்தக் கிருமிக்குப் பிடித்தமான சூடும் அதுவே. தொற்றிய கோழியின் குடல் கழிவில் ஒரு கிராமுக்குப் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை இருக்கும்.

கோழிக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் இதில் வம்பு. கொண்டை சிவப்பாகவே இருக்கும், கண் பளபளக்கும், தீவனம் தின்னும். கோழியைக் கொல்லும் சால்மொனெல்லா வகைகள், அதாவது புல்லோரம், கல்லினாரம், மனிதரை அவ்வளவாகத் தொடுவதில்லை. மனிதரை மருத்துவமனைக்கு அனுப்பும் என்டெரிடிடிஸ், டைஃபிமியூரியம் வகைகளைச் சுமக்கும் வளர்ந்த கோழியோ பெரும்பாலும் நலமாகவே திரியும். அய்யலூர் சந்தையில் வாலைத் தூக்கிப் பார்த்த அந்தப் பார்வை கோழியின் நோயைக் கண்டுபிடிக்கும். நம்முடைய நோயை அது காட்டாது. கடை முன்னால் நின்று சிறகடிப்பதைப் பார்த்துத் திருப்திப்படும்போது, தவறான இடத்தில்தான் சரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரவில் கொட்டகைக்கு லோடு வண்டி வருகிறது. இருட்டில் கோழி பதறாது என்பதால் அந்நேரம்தான் பிடிப்பார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து அடுக்குக்கு மேல் அடுக்காக ஏற்றுவார்கள். மேல் அடுக்கின் எச்சம் கீழ் அடுக்கின் முதுகில் விழும். பயணத்தின் பதற்றத்தில் குடல் கிருமி எச்சத்தில் அதிகமாக வெளியேறும். பெட்டிகளின் மூலைமுடுக்கில் காய்ந்துபோன எச்சம் எளிதில் கழுவப் போகாது. நேற்று ஒரு பண்ணைக் கோழி இருந்த பெட்டியில் இன்று வேறொரு பண்ணைக் கோழி. விடிகாலையில் கடைக்கூண்டில் இறங்கும்போது, எந்தக் கொட்டகையில் தொற்று இருந்தது என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போய்விடுகிறது.

பிறகு கடை. நான் அதிகம் நின்று பார்க்கும் இடமும் இதுதான். கறி வாங்குவதற்காகத்தான், ஆராய்ச்சிக்கு இல்லை. கழுத்தறுத்த கோழி நீல டிரம்முக்குள் விழுந்து துடித்து அடங்குகிறது. அதே டிரம்மில் அதற்கு முன் துடித்தவற்றின் ரத்தமும் எச்சமும் இறகும் இருக்கின்றன. தோலோடு கேட்டால் வெந்நீரில் முக்குவார்கள். இறகு இளகுவதற்கு ஐம்பதிலிருந்து அறுபது டிகிரிச் சூடு வேண்டும். அதற்கு மேல் போனால் தோல் வெந்து கிழியும். அந்தச் சூட்டில் கிருமி கொஞ்சம் சாகும், கொஞ்சம் பிழைக்கும். தண்ணீர் மணிக்கணக்கில் மாறுவதில்லை. ஊரே ஒரே குட்டையில் குளித்தெழுவது மாதிரிதான். சூட்டில் இறகுக் குழிகள் திறந்துகொள்கின்றன. இறகு போன குழிக்குள் அந்தத் தண்ணீர் போய்த் தங்குகிறது. அங்கே புகுந்த கிருமியை எந்தக் கழுவலும் எளிதில் எடுக்காது. அடுத்து, ரப்பர் விரல்கள் சுழலும் இறகு நீக்கும் மெஷின். கோழியை அது அழுத்திப் பிதுக்கும்போது குடல் கழிவு வெளியே வந்து விரல்களில் அப்பிக்கொள்கிறது. அடுத்த கோழிக்கும் அதே விரல்கள்.

தோல் இல்லாமல் வாங்குகிறவர்கள் தப்பித்தோம் என்று நினைக்கலாம். வெந்நீரிலிருந்து தப்பிக்கிறார்கள், உண்மை. ஆனால் எச்சம் படிந்த இறகைப் பற்றித் தோலை உரிக்கும் கைதான் அடுத்த நொடி உள்ளே வெளுத்திருக்கும் சதையைப் பிடிக்கிறது. குடலைக் கையால் இழுத்தெடுக்கும்போது அறுந்தால், உள்ளிருப்பது ஈரலிலும் சதையிலும் வழிகிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், காலையில் பிடித்தது. அதில் முக்கி எடுத்தால் கழுவியதாகப் பெயர். பிறகு புளியமரக் கட்டை. வெட்டு விழுந்து விழுந்து நடுவில் பள்ளமான கட்டை, கீறலுக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். இரவில் சுரண்டி உப்புத் தூவும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கியூஆர் அட்டை வந்ததில் ஒரு நன்மை, ரத்தக்கை ரூபாய் நோட்டைத் தொடுவது குறைந்திருக்கிறது.

நாட்டுக்கோழி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் பல கடைகளில் வேறு கத்தி, வேறு கட்டை கிடையாது. அதிலும் கொட்டகையில் தீவனம் போட்டு வளர்த்ததே இப்போது அதிகம்.

ஒரு கோழி, ஒரு குடும்பம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது. காலை ஏழு மணிக்கு வந்த ஒரே ஒரு கோழியின் குடல், பத்து மணிக்குக் கறி வாங்குகிறவர் வீடு வரைக்கும் போய்ச் சேர்கிறது. கண் முன்னால் வெட்டியதில் ஏமாற்று இல்லை. வெட்டிய கட்டையில் அதற்கு முன் வெட்டியதெல்லாம் இருக்கிறது.

கிருமியும் பழைய கிருமி இல்லை. நெருக்கிய கூட்டத்தில் சீக்கு வராமல் இருக்கவும், தின்ற தீவனம் சதையில் ஒட்டவும் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கலக்கப்பட்டது. 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது, 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பன்றியிலும் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எடுத்த பாக்டீரியாக்களில், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வடிவில் இருப்பதை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் வேலை செய்யாதபோது கடைசியாக ஏற்றும் மருந்து கொலிஸ்டின். இந்தியப் பண்ணைகளில் அது சாதாரணமாகப் புழங்குவதை 2018இல் பத்திரிகைகள் எழுதின. 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிக்கும் அதைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. உருப்படியாக நடந்த காரியங்களில் இது ஒன்று. ஆனால் கட்டையில் இருக்கும் கிருமி எந்த மருந்துக்குப் பழகிவிட்டு வந்தது என்பது கறி வாங்குகிறவருக்கு மட்டுமில்லை, கடைக்காரருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டுக்கு முன் வந்த வயிற்றுப்போக்கும் இன்று வருவதும் ஒரே பெயரில் இருந்தாலும், மருத்துவரின் கையிலிருக்கும் மருந்துகள் குறைந்துவிட்டன.

மற்ற ஊர்கள் உயிர்க்கோழிக் கடையை விட்டதற்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். சிங்கப்பூர் மட்டும் முன்கூட்டியே, 1990களின் தொடக்கத்தில், ஈரச்சந்தையில் கோழி அறுப்பதை நிறுத்தியது. தேக்கா சந்தையில் கறி வாங்கும் நம்மவர்களும் அறுத்து வந்த கறிக்குப் பழகிப்போனார்கள். ஹாங்காங்கில் 1997இல் பறவைக்காய்ச்சல் 18 பேரைத் தொற்றி ஆறு பேரைக் கொன்றபிறகு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். வாத்தும் கோழியும் ஒரே கூண்டுக்கடையில் இருக்கக் கூடாதென்றார்கள். 2001இலிருந்து சந்தை முழுவதையும் காலிசெய்து கழுவி உலரவிடும் ஓய்வுநாள் வந்தது. 2008இலிருந்து இரவு எட்டு மணிக்குள் விற்காத கோழியைக் கடையில் உயிரோடு வைக்கக் கூடாது. ஷாங்காய் 2013இல் உயிர்ச்சந்தைகளை மூடியது. வைரஸுக்காகச் செய்தார்கள் என்றாலும், காலியான கூண்டும் காய்ந்த தரையும் பாக்டீரியாவுக்கும் பகைதான். கேம்பைலோபாக்டருக்கு உலர்ச்சியே எமன்.

நம் ஊரிலும் பறவைக்காய்ச்சல் செய்தி வந்தால் கோழி விலை சரிகிறது. 2020 தொடக்கத்தில் கொரோனா வதந்தியிலும் சரிந்தது. சால்மொனெல்லாவுக்காக ஒரு நாளும் சரிந்ததில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. உரிமம் பெற்ற அறுவைக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்ற விதி 2001இலிருந்து இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்து, விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. 14 இலக்க எண்ணோடு சான்றிதழ் பல கடைச் சுவர்களில் தொங்குகிறது. ஆட்டுக்கு ஆட்டுத்தொட்டி இருக்கிறது. அங்கே அறுத்து, மருத்துவர் பார்த்து, முத்திரை குத்திய பிறகு கறி கடைக்கு வர வேண்டும் என்பதாவது ஊருக்குத் தெரியும். கோழிக்கோ அப்படி ஒரு தொட்டியை எந்த நகராட்சியும் பெரிதாக யோசிக்கவில்லை. நகராட்சிக் கட்டடங்களும் பழக்கங்களும் உருவான காலத்தில் கோழி கொல்லைப்புறத்துச் சமாசாரம். அது தெருவுக்கு வந்தபோது அதற்கென்று ஓர் இடம் கூட வரவில்லை.

சமையலறைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் குழம்பு நல்ல காவல்காரன். எலும்போரம் வரை 75 டிகிரி ஏறினால் இந்தக் கிருமிகள் நிற்காது. நம் வீட்டில் கோழி அதற்கு மேலும் கொதிக்கிறது. ஆபத்து குழம்புக்கு வெளியில். குழாயைத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகள், கறி நறுக்கிய கத்தியாலேயே நறுக்கிய வெங்காயம், அந்த வெங்காயத்தில் போட்ட தயிர்ப்பச்சடி. கேம்பைலோபாக்டர் சில நூறு உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்க வைக்கும். அபூர்வமாகச் சிலருக்கு வாரங்கள் கழித்துக் கை கால் செயலிழக்கும் கில்லன்-பாரே நோய் வருவதும் உண்டு. சால்மொனெல்லா வெயிலில் பெருகும். கறுப்புப் பையில் கட்டி வண்டிக் கொக்கியில் மாட்டி, வழியில் காய்கறிக்கடை, மாவுக்கடை என்று நின்று வந்தால் அதற்குக் கொண்டாட்டம். 2014இல் பிரிட்டன் உணவுத்துறை கோழியைக் கழுவவே வேண்டாம் என்று பிரச்சாரம் செய்தது. இறகும் எலும்புத்துணுக்கும் ஒட்டியிருக்கும் நம் கடைக் கறிக்கு அந்த அறிவுரை பொருந்தாது. குழாயடியில் பிடிக்காமல் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசுவதும், வெங்காயத்தை முதலில் நறுக்கிவிடுவதும் நம்மால் ஆகக்கூடியவை.

வீட்டுக்கு வெளியே அந்தக் காவல்காரன் இல்லை. வெளிப்பக்கம் மட்டும் வெந்து உள்ளே சிவந்திருக்கும் ஷவர்மா, பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் இரண்டும் கொதிநிலையைப் பார்க்காத உணவுகள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளிச் சிறுமி ஒருத்தி இறந்ததும் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததும் மாநிலத்தையே உலுக்கின. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது, சால்மொனெல்லாவும் ஈ.கோலியும் லிஸ்டீரியாவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சரியான உத்தரவு. ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் அரசின் கை விழுந்திருக்கிறது. நீல டிரம்மும் வாளியும் கட்டையும் அதற்கு வெகு முன்னால் இருக்கின்றன.

கடைகளை மூடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தெருக்கடைக்காரரின் பிழைப்பைப் பெரிய கம்பெனியின் குளிர்வண்டிக்குத் தூக்கிக் கொடுப்பதாகவே அது முடியும். நகராட்சிக்கு ஒன்றிரண்டு கோழித்தொட்டி, அங்கே ஓடும் தண்ணீர், ஒரு கால்நடை மருத்துவர் என்று கேட்கலாம். அதுவரை கடையிலேயே அறுக்கும் இடமும் நறுக்கும் இடமும் பிரிந்து, அறுக்கிறவர் ஒருவர் நறுக்குகிறவர் ஒருவர் என்றாவது ஆகலாம். கூண்டு வாரத்துக்கு ஒரு நாள் காலியாகிக் காயலாம். கட்டைக்குப் பதில் கொதிநீர் ஊற்றிக் கழுவக்கூடிய பலகை வரலாம். இப்படி மாற்றிக்கொண்ட கடைகள் சில நகரங்களில் கண்ணில் படுகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் துருப்பிடிக்காத எஃகு மேசை, குளிர்பெட்டியில் காலையில் வெட்டிய கறி. எடை போடும் இடத்தில் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் கூண்டு வைத்திருக்கும் கடைக்கு நடக்கிறது.